டெக்சஸில் ஃபால் கலர் படமெடுக்க எப்போது கிளம்புவது: லாஸ்ட் மேப்பிள்ஸ் பயணத்துக்கு முழுமையான வழிகாட்டி

அக்டோபர் பிறந்துவிட்டால் நண்பர்கள் ஒரே கேள்வியைக் கேட்பார்கள்: "லாஸ்ட் மேப்பிள்ஸுக்கு எந்தச் சனிக்கிழமை போகலாம்?" டெக்சஸில் இலையுதிர்காலத்து மேப்பிள் நிறத்துக்குப் பேர்போன பூங்கா அது. தேதியை முதலில் குறித்துவிட்டு, ஹோட்டல், கார், சாப்பாடு என்று மற்றதையெல்லாம் அதன்மேல் அடுக்குவார்கள். போய்ப் பார்த்தால் மரம் இன்னும் பச்சையாக நிற்கும். இல்லையென்றால் இலையெல்லாம் தரையில் கிடக்கும். இரண்டையும் நானும் பார்த்துத் திரும்பியிருக்கிறேன்.

டெக்சஸ் மாதிரி சூடான ஊரில் தேதி கடைசியாக முடிவாக வேண்டிய விஷயம். மழை, முன்பதிவு, இரவுக் குளிர், காற்று என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தால் நாள் தானாகக் கைக்கு வரும். அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன். புதிதாகப் போகிறவர்கள் எங்கெங்கே சறுக்குகிறார்கள் என்பதையும் அந்தந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

1. அங்கே என்ன இருக்கும் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

லாஸ்ட் மேப்பிள்ஸ் ஸ்டேட் நேச்சுரல் ஏரியா, சான் ஆன்டோனியோவிலிருந்து ஏறக்குறைய 90 மைல். வான்டர்பூல் என்ற சின்ன ஊருக்கு வடக்கே, 187-ஆம் எண் ரேஞ்ச் ரோட்டில் இருக்கிறது. ஆஸ்டினிலிருந்து மூன்று மணி நேரத்துக்கு மேல், ஹூஸ்டனிலிருந்து ஐந்து மணி நேரம் ஆகும்.

சபினல் ஆறு சுண்ணாம்புக்கல்லை அறுத்து உண்டாக்கிய பள்ளத்தாக்கு அது. சரிவுகளின் நிழலும் ஓடைக்கரை ஈரமும் இருப்பதால்தான் பிக்டூத் மேப்பிள் மரங்கள் இந்த வெயிலில் பிழைத்து நிற்கின்றன. ஆகவே மேப்பிள்கள் ஓடையை ஒட்டித்தான் இருக்கும். மேலே மலைச்சரிவு முழுக்க ஜூனிப்பரும் ஓக்கும். ஜூனிப்பரை இங்கே எல்லாரும் சீடர் என்பார்கள். அது வருடம் முழுக்கப் பச்சை.

இதை முதலிலேயே சொல்லக் காரணம் இருக்கிறது. வடகிழக்கு மாநிலமான வெர்மான்ட்டின் படங்களைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் மலை முழுக்கத் தீப்பிடித்த மாதிரி சிவப்பை எதிர்பார்க்கிறார்கள். இங்கே ஒரு மரம் கொழுந்துவிட்டு எரியும், பக்கத்து மரம் பாதி பச்சையாக இருக்கும், அதற்கடுத்தது மொட்டையாக நிற்கும். உங்கள் படம் ஒரு மரத்தையோ ஒரு கிளையையோ நம்பித்தான் இருக்கப்போகிறது. கிளம்பும் நாளைத் தேர்ந்தெடுப்பதும், லென்ஸைத் தேர்ந்தெடுப்பதும் இதை வைத்துத்தான்.

2. காலண்டரில் மூன்று வாரத்தை வளைத்து வையுங்கள்

பொதுவாக இங்கே நிறம் மாறுவது அக்டோபர் கடைசி இரண்டு வாரமும் நவம்பர் முதல் இரண்டு வாரமும். குளிர் தள்ளிப்போகிற வருடங்களில் இது நவம்பர் மூன்றாம் வாரம் வரை இழுக்கும். அக்டோபர் நடுவில் போவது பெரும்பாலும் வீண்.

நான் நவம்பர் 1 முதல் 20 வரை உள்ள நாட்களை எடுத்துக்கொள்வேன். அதற்குள் வரும் வார நாட்களை மட்டும் பாருங்கள். இலைக்காலத்து வார இறுதிகளில் இந்தப் பூங்கா நிரம்பிவிடும். நடைபாதை குறுகலானது. நீங்கள் டிரைபாட் வைத்த இடத்தில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு குடும்பம் கடந்துபோனால் நீண்ட எக்ஸ்போஷர் (ஷட்டரைச் சில நொடி திறந்து வைத்து எடுக்கும் படம்) எடுக்கவே முடியாது.

நம்மவர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்ளும் ஒரு விஷயம் தீபாவளி. 2023-இல் நவம்பர் 12, 2026-இல் நவம்பர் 8 என்று அது சில வருடங்களில் இதே நாட்களில் வந்து விழும். ஊர்க்காரர்கள் கூடுகிற வாரம், எல்லாரும் சேர்ந்து போய்விட்டு வரலாமே என்று தோன்றும். சுற்றிப் பார்க்க மட்டும் என்றால் தாராளமாகப் போகலாம். படம் எடுக்க வேண்டும் என்றால் பண்டிகையை வீட்டில் கொண்டாடிவிட்டு, அடுத்த செவ்வாயோ புதனோ இரண்டு பேராகக் கிளம்புங்கள். நவம்பர் 11 வெட்டரன்ஸ் டே. பலருக்கு விடுமுறை என்பதால் அன்றும் கூட்டம் இருக்கும்.

3. செப்டம்பரில் மழைக் கணக்கைப் பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிப்போகிறவர்கள்தான் அதிகம். என்னைக் கேட்டால் மொத்தப் பயணத்துக்கும் இதுதான் அடித்தளம்.

வறட்சி கடுமையாக இருந்தால் மரம் தண்ணீரைக் காப்பாற்ற இலையை விட்டுவிடும். ஆகஸ்ட், செப்டம்பரிலேயே இலையோரம் காய்ந்து, சுருண்டு, காப்பிப்பொடி நிறத்துக்கு வந்துவிடும். அப்படிக் காய்ந்த இலை அப்புறம் சிவக்காது. நவம்பரில் எவ்வளவு நல்ல குளிர் அடித்தாலும் அதற்கு உயிர் வராது.

அமெரிக்க வறட்சி வரைபடம் வாரந்தோறும் வியாழக்கிழமை வெளியாகும். பண்டேரா, ரியல் ஆகிய இரண்டு கவுன்டிகளைப் பாருங்கள். பூங்கா இந்த இரண்டிலும் பரவியிருக்கிறது. உங்கள் ஊரில் மழை பெய்தது என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஹூஸ்டனில் தெருவெல்லாம் வெள்ளமாக இருக்கும் வாரத்தில் வான்டர்பூலில் தூறல்கூட இருக்காது.

வரைபடம் அடர் சிவப்பில் இருந்தால் இந்த வருடம் லாஸ்ட் மேப்பிள்ஸை விட்டுவிட்டு, கடைசிப் பகுதியில் சொல்லியிருக்கும் வேறு இடங்களுக்குத் திட்டம் போடுங்கள். வெளிர் மஞ்சள் வரை இருந்தால் தயங்க வேண்டாம். இடைப்பட்ட நிலையில் இருந்தால் முன்பதிவைச் செய்துவிட்டு, அக்டோபர் கடைசியில் பூங்கா போடும் இலை அறிக்கையைப் பார்த்து முடிவெடுக்கலாம்.

4. முன்பதிவு: இரண்டு நாளைப் பிடியுங்கள்

டெக்சஸ் ஸ்டேட் பார்க் தளத்தில் பகல் நேர அனுமதியை 30 நாள் முன்பிருந்து பதிவு செய்யலாம். இரவு தங்க, அதாவது கேம்பிங் இடம் வேண்டுமென்றால் ஐந்து மாதம் முன்பே திறந்துவிடும். அப்படியென்றால் நவம்பர் கேம்பிங் இடத்துக்கு ஜூனிலேயே உட்கார வேண்டும். மின்சார வசதி உள்ள இடங்கள் 28 மட்டுமே. இலைக்காலத்துக்கு அவை சீக்கிரம் தீர்ந்துவிடும்.

சிக்கல் இங்கேதான். இலை எப்போது பழுக்கும் என்பது பத்து நாள் முன்புதான் தெரியும். அனுமதியோ ஒரு மாதம் முன்பே எடுக்க வேண்டும். இரண்டையும் பொருத்த நான் செய்வது இது: ஒரு வார நாளை நவம்பர் முதல் வாரத்திலும், இன்னொன்றை அதற்கு எட்டு அல்லது பத்து நாள் கழித்தும் பதிவு செய்வேன். முதலாவது சரியாக வந்தால் இரண்டாவதை உடனே ரத்து செய்துவிடுவேன்.

ரத்து செய்வதை மறக்காதீர்கள். நீங்கள் போகாமல் பிடித்து வைத்திருக்கும் இடம், எங்கேயோ இருந்து வயதான பெற்றோரை அழைத்து வர நினைக்கும் ஒருவருக்குக் கிடைக்காமல் போகும். அந்தத் தளத்தில் மற்றவர்கள் ரத்து செய்யும் இடங்களும் அவ்வப்போது திரும்பி வரும். ஆகவே கிடைக்கவில்லை என்று ஒரே நாளில் கைவிட வேண்டாம். காலையிலும் இரவிலும் ஒரு தடவை எட்டிப்பாருங்கள்.

அனுமதி இல்லாமல் "போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று கிளம்புவது பெரிய தவறு. ஒரு நண்பர் குடும்பத்தோடு ஹூஸ்டனிலிருந்து விடிகாலை கிளம்பி ஐந்து மணி நேரம் ஓட்டி வந்தார். அன்று சனிக்கிழமை. பூங்கா நிரம்பிவிட்டது. பின் இருக்கையில் குழந்தைகள் தூங்கிக்கொண்டிருக்க, வாசலிலிருந்தே வண்டியைத் திருப்ப வேண்டியதாயிற்று.

5. இரவுக் குளிரைப் படியுங்கள்

மஞ்சளும் சிவப்பும் ஒரே மாதிரி வருவதில்லை. இதைப் புரிந்துகொண்டால் நாள் குறிப்பது பாதி முடிந்த மாதிரி.

மஞ்சள், கோடை முழுக்க இலைக்குள்ளேயே இருக்கிறது. பச்சையம் அதை மறைத்துக்கொண்டிருக்கிறது. பகல் குறையக் குறைய மரம் பச்சையத்தைப் புதுப்பிப்பதை நிறுத்தும், மஞ்சள் தானாக வெளியே தெரியும். சிவப்பு அப்படி முன்பே இருக்கும் சரக்கு இல்லை. இலை உதிர்வதற்கு முன் தன்னிடம் தேங்கிய சர்க்கரையை வைத்து அதைப் புதிதாகத் தயாரிக்கிறது. பகலில் நல்ல வெயில் அடித்தால் சர்க்கரை சேரும். இரவு குளிராக இருந்தால் அது செலவழியாமல் தங்கும். இரவும் வெதுவெதுப்பாக இருந்தால் இலை சுவாசித்தே அதைத் தீர்த்துவிடும்.

அதனால்தான் வெப்பமான ஊரில் சில வருடம் மஞ்சளும் வெளிறிய ஆரஞ்சுமாகவே முடிந்துபோகிறது. உங்களுக்குச் சிவப்புதான் வேண்டும் என்றால் தெளிந்த பகலும், 30-களின் கடைசியிலோ 40-களிலோ (ஃபாரன்ஹீட்) நிற்கும் இரவுகளும் தொடர்ந்து சில நாள் வர வேண்டும். ஒரே ஒரு குளிர் இரவு போதாது.

அக்டோபர் 15 முதல் ஒரு சின்ன நோட்டில் தினமும் வான்டர்பூலின் இரவு வெப்பநிலையை எழுதி வாருங்கள். தேசிய வானிலைச் சேவைத் தளத்தில் வரைபடத்தில் அந்த ஊர்மேல் சொடுக்கினால் அந்த இடத்துக்கான கணிப்பு வரும். சான் ஆன்டோனியோ கணிப்பைப் பார்க்க வேண்டாம். நகரம் இரவிலும் சூட்டை விடாது. பள்ளத்தாக்கிலோ குளிர்ந்த காற்று கனத்து, இறங்கி, ஓடைக்கரையில் தேங்கும். இரண்டுக்கும் நடுவே பல டிகிரி வித்தியாசம் இருக்கும்.

50-க்குக் கீழே இறங்கிய இரவுகளை வட்டமிடுங்கள். வட்டங்கள் கூடக்கூட நாள் நெருங்குகிறது என்று அர்த்தம். அதேநேரம் உறைநிலைக்குக் கீழே கடுமையாக இறங்கினால் இலை சிவக்காமலே கருகிவிடும். நவம்பர் தொடக்கத்தில் அது எப்போதாவதுதான் நடக்கும், ஆனாலும் கண் வைத்திருங்கள்.

6. இலை அறிக்கையையும் மற்றவர்களின் படங்களையும் எப்படிப் படிப்பது

இலைக்காலத்தில் பூங்காவின் பக்கத்தில் நிலவரம் என்ன என்று அறிக்கை போடுவார்கள். அங்கேயே வேலை செய்கிறவர்கள் பார்த்து எழுதுவது என்பதால் நான் முதலில் நம்புவது இதைத்தான். இரண்டு விஷயத்தை மட்டும் கவனித்துப் படியுங்கள்: எந்தப் பாதையில் நிறம் என்கிறார்கள், எந்தத் தேதியில் எழுதியிருக்கிறார்கள்.

சமூக ஊடகப் படங்கள் வேறு கதை. ஒருவர் சனிக்கிழமை போய், செவ்வாய்க்கிழமை படத்தைச் செப்பனிட்டு, வியாழக்கிழமை போடுவார். நீங்கள் அதைப் பார்த்துப் பரபரத்து அடுத்த வாரம் போனால் பத்து நாள் கடந்திருக்கும். ஒரு மரம் நல்ல நிறத்தில் நிற்பது ஒரு வாரம்தான், காற்று அடித்தால் அதுவும் இல்லை. இன்னொன்று, செறிவைக் கூட்டிய படத்தில் வெறும் மஞ்சளும் சிவப்பாகத் தெரியும். பின்னால் இருக்கும் சீடர் மரத்தின் பச்சையைப் பாருங்கள். அது பளபளவென்று கிளிப்பச்சையாக இருந்தால் அந்தப் படத்தின் சிவப்பையும் நம்ப வேண்டாம்.

முழு உச்சத்துக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். பாதிக்கு மேல் மாறியிருக்கிறது என்ற செய்தி வந்ததும் கிளம்புகிற ஆள் நான். அந்த நேரத்து மேப்பிள் இலை ஒன்றைக் கிட்டத்தில் பார்த்திருக்கிறீர்களா? உள்ளங்கையில் அடங்கும் அளவு. மூன்றோ ஐந்தோ மடல்கள், மழுங்கிய பற்கள். ஓரமெல்லாம் செம்பருத்தி நிறம் ஏறியிருக்கும், நடு நரம்பை ஒட்டி மட்டும் பச்சை ஒரு நூல் மாதிரி நிற்கும். வெயிலுக்கு எதிரே பிடித்தால் சிவப்புக்கும் பச்சைக்கும் நடுவே மாம்பழ மஞ்சள் ஒரு கோடாக ஓடுவது தெரியும். முழுதாகச் சிவந்த இலையில் இந்த மூன்றும் ஒன்றாகக் கிடைக்காது. இப்படிப்பட்ட இலை காம்பில் உறுதியாகவும் நிற்கும், லேசான காற்றுக்கு விழாது.

7. கடைசி மூன்று நாள்: கோல்டு ஃப்ரன்ட் வருகிறதா?

இதுவரை எல்லாம் சரியாக வந்தும் ஒரே இரவில் கெட்டுப்போவது இங்கேதான். டெக்சஸில் குளிர் படிப்படியாக இறங்குவதில்லை. வடக்கிலிருந்து ஒரு கோல்டு ஃப்ரன்ட் வரும், மதியம் 80 டிகிரி இருந்தது மாலைக்குள் 50-க்கு விழும், கூடவே பலமான வடகாற்று அடிக்கும். பழுத்து முடிந்த இலையெல்லாம் அந்தக் காற்றில் கொட்டிவிடும்.

ஆகவே உங்கள் பதிவு நாளுக்கு மூன்று நாள் முன்பு, மணிவாரிக் காற்றுக் கணிப்பைத் திறந்து பாருங்கள். முடிவு இப்படி:

இலை பாதிதான் மாறியிருக்கிறது, ஃப்ரன்ட் வருகிறது என்றால் அது கடந்துபோகட்டும். பின்னால் வரும் தெளிந்த பகலும் குளிர்ந்த இரவும் சிவப்பை ஏற்றிவிடும். இரண்டாவது பதிவு நாளை வைத்துக்கொள்ளுங்கள்.

இலை முக்கால் பங்குக்கு மேல் மாறிவிட்டது, ஃப்ரன்ட் வருகிறது என்றால் அதற்கு முந்தின நாளே போய்விடுங்கள். அனுமதி கிடைத்தால் அலுவலகத்தில் ஒரு நாள் விடுப்புப் போட்டாவது.

ஃப்ரன்ட் எதுவும் இல்லை, மேகமூட்டம் மட்டும் என்றால் சந்தோஷமாகக் கிளம்புங்கள். வெயில் இல்லையே என்று பயணத்தை ரத்து செய்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மெல்லிய மேகம் இலைப் படத்துக்கு நல்லது, நிழலும் வெளிச்சமும் சண்டை போடாது.

8. பையில் என்ன வேண்டும்

லென்ஸ் விஷயத்தில்தான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். இயற்கைக்காட்சி என்றதும் அகல லென்ஸை மட்டும் எடுத்து வருவார்கள். முதல் பகுதியில் சொன்னது நினைவிருக்கட்டும்: நிறம் திட்டுத்திட்டாகத்தான் இருக்கும். அகல லென்ஸில் அந்த ஒரு மரம் சின்னப் புள்ளியாகிவிடும், சுற்றிலும் சீடர் பச்சையும் சாம்பல் பாறையும் வெளுத்த வானமும் நிறைந்துவிடும். தூரத்தில் இருப்பதைக் கிட்டத்தில் காட்டும் 70–200 மி.மீ. மாதிரி லென்ஸ் ஒன்று இருந்தால் எதிர்ச்சரிவில் நிற்கும் மரத்தைத் தனியே பிரித்து எடுக்கலாம். போனில் எடுப்பவர்கள் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு லென்ஸுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

போலரைசர் ஃபில்டர் கட்டாயம். இலைமேல் வானத்தின் வெள்ளைப் பளபளப்பு படிந்து நிறத்தை வெளுக்க வைக்கும். ஃபில்டரைத் திருப்பினால் அது விலகி அடியில் இருக்கும் நிறம் வரும். பிற்பாடு கணினியில் செறிவைக் கூட்டி இதைச் சரிக்கட்ட முடியாது. ஃபில்டர் ஒன்றிலிருந்து இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தைத் தின்னும் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது), அதனால் டிரைபாட் வேண்டும்.

டிரோனை வீட்டிலேயே வைத்துவிடுங்கள், இங்கே பறக்கவிட அனுமதி இல்லை.

பூங்காவுக்குள் போன் சிக்னல் கிடைக்காது. அனுமதிச் சீட்டையும் பாதை வரைபடத்தையும் முன்பே இறக்கி வையுங்கள், கூட வருகிறவர்களோடு எங்கே சந்திப்பது என்று வாய்விட்டுப் பேசி வையுங்கள். பெட்ரோலைக் கெர்வில்லிலோ பண்டேராவிலோ நிரப்பிக்கொள்ளுங்கள். தண்ணீரும் சாப்பாடும் கையோடு இருக்கட்டும். எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிப்போனால் நாள் முழுக்கத் தாங்கும்.

காலை 40 டிகிரி, மதியம் 75 டிகிரி என்பது இங்கே சாதாரணம். கழற்றி இடுப்பில் கட்டிக்கொள்ளும்படி அடுக்கடுக்காக உடுத்துங்கள்.

9. அன்றைய நாளை எப்படி வகுப்பது

நவம்பர் முதல் ஞாயிறன்று கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னே போகும். அக்டோபர் கடைசியில் ஏழே முக்காலுக்கு உதித்த சூரியன், நவம்பர் நடுவில் ஏழு மணியளவில் உதிக்கும். மாலை ஐந்தே முக்காலுக்குள் அஸ்தமனம். போன வாரக் கணக்கை வைத்துக் கிளம்பி, மாலை வெளிச்சத்தைக் கோட்டைவிடுகிறவர்கள் உண்டு.

பள்ளத்தாக்கு என்பதால் உதயத்துக்கு அப்புறமும் அடிவாரத்துக்கு வெயில் வர நேரமாகும். அதேபோல மாலையில் சீக்கிரமே நிழல் விழும். அந்த நிழல் நேரம்தான் ஓடையோரப் படங்களுக்கு உகந்தது. வாசல் திறந்ததும் உள்ளே போய்விடுங்கள், காலையில் காற்றும் அடங்கியிருக்கும்.

முதலில் மேப்பிள் ட்ரெயில். அரை மைலுக்கும் குறைவான நடை, பெரியவர்களும் குழந்தைகளும் வரலாம். கூட்டம் முதலில் வந்து சேருவதும் இங்கேதான், அதனால் இதை முதலில் முடித்துவிடுங்கள். அப்புறம் ஈஸ்ட் ட்ரெயில். மொத்தச் சுற்று 4.6 மைல், அதில் செங்குத்தான, கல் நிறைந்த ஏற்றமும் உண்டு. நல்ல மேப்பிள்களில் பெரும்பகுதி ஆற்றை ஒட்டிய தொடக்கப் பகுதியிலேயே இருக்கிறது. அருவி மாதிரி நீர் கசிந்து செடி படர்ந்த குகைப்பாறையும், குரங்கு முகம் தெரியும் மங்க்கி ராக்கும் இந்தப் பாதையில்தான். முட்டி வலி இருப்பவர்கள் அதுவரை போய்த் திரும்பினாலே போதும்.

நடுப்பகலில் நேர் வெயில் சுண்ணாம்புக்கல்லில் பட்டுக் கண்ணைக் கூசும். அந்த நேரத்தில் சாப்பிடுங்கள், அல்லது மரத்தடியில் நின்று மேலே பார்த்து, வெயில் ஊடுருவும் இலைகளை எடுங்கள். மாலையில் மறுபடியும் ஓடைக்கரைக்கு வாருங்கள்.

பாதையை விட்டு இறங்க வேண்டாம். இந்த மேப்பிள்களின் வேர் மேலாகத்தான் ஓடுகிறது. ஆயிரக்கணக்கானவர்கள் மிதித்து மண் இறுகினால் வேருக்குக் காற்றும் நீரும் போகாது, முளைத்த கன்றுகளும் நசுங்கும். இரண்டு அடி உள்ளே போனால் நல்ல கோணம் கிடைக்கும் என்று தோன்றும். எனக்கும் தோன்றியிருக்கிறது. போகாதீர்கள், இவ்வளவு தெற்கே இந்த மரங்கள் நிற்கும் இடங்கள் குறைவு.

10. எடுக்கும்போது கவனிக்க வேண்டியவை

வெள்ளைச் சமநிலையை ஆட்டோவில் விட்டால், கேமரா இலையின் வெதுவெதுப்பைக் குறை என்று நினைத்து நீலத்தைச் சேர்க்கும். டேலைட் அல்லது கிளவுடி என்று நிறுத்தி வையுங்கள். RAW கோப்பாக (கேமரா பதப்படுத்தாத மூலப் படம்) எடுத்தால் பிறகும் மாற்றலாம்தான், ஆனாலும் திரையில் சரியாகத் தெரிந்தால் களத்திலேயே சரியான முடிவெடுப்பீர்கள்.

ஹிஸ்டோகிராமில் (கேமரா திரையில் வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம்) சிவப்பைத் தனியே பாருங்கள். மொத்த வெளிச்சம் சரியாகத் தெரியும்போதே சிவப்பு மட்டும் எல்லை தாண்டியிருக்கும். வீட்டுக்கு வந்து பார்த்தால் இலையில் நரம்பே இருக்காது, சிவப்பு மை கொட்டியது போல இருக்கும். அரை ஸ்டாப் குறைத்து எடுங்கள்.

வெளுத்த வானத்தைச் சட்டகத்துக்குள் விடாதீர்கள். பின்னால் நிழல் விழுந்த பாறைச்சுவர் வருகிற மாதிரி நகர்ந்து நில்லுங்கள். கருத்த பின்னணியில் பின்வெளிச்சம் பட்ட ஒரே கிளை போதும், அந்தப் படம் நிற்கும்.

காற்று அசைத்தால் ஷட்டர் வேகத்தை 1/250 நொடி அல்லது அதைவிட வேகமாக வையுங்கள். காற்று விட்டுவிட்டு அடிக்கும்போது பொறுமையாக நின்றால் இரண்டு அலைக்கு நடுவே சில நொடி இலை அசையாமல் நிற்கும், அப்போது அழுத்துங்கள். தரையில் உதிர்ந்து கிடப்பதையும் விட்டுவிட வேண்டாம். ஓடையின் தெளிந்த நீரில், வெள்ளைக் கூழாங்கல்மேல் ஒட்டிய ஒரு சிவப்பு இலையைப் போலரைசர் போட்டு எடுத்துப் பாருங்கள், நீரே இல்லாதது போல இருக்கும்.

11. முந்திவிட்டாலோ பிந்திவிட்டாலோ

போய்ச் சேர்ந்து பார்க்கிறீர்கள், மேப்பிள் இன்னும் பச்சை. ஏமாற வேண்டாம், மேலே ஏறுங்கள். சரிவுகளில் சுமாக் புதர்கள் மேப்பிளுக்கு முன்பே சிவந்துவிடும். ஓடையோரச் சிக்கமோர்கள் மஞ்சளாகியிருக்கும்.

மேப்பிள் கொட்டி முடிந்துவிட்டதென்றால் சரிவுகளில் டெக்சஸ் ரெட் ஓக் சிவந்துகொண்டிருக்கும். வான்டர்பூலிலிருந்து மேற்கே 337-ஆம் எண் சாலை லேக்கி ஊருக்குப் போகிறது. வளைந்து வளைந்து ஏறி இறங்கும் அந்தச் சாலையில் பள்ளத்தாக்குகள் விரிந்து தெரியும். மோட்டார் சைக்கிள்காரர்களுக்குப் பிடித்த சாலை, மெதுவாக ஓட்டுங்கள். படம் எடுக்க அகலமான ஓரங்களில் மட்டும் நிறுத்துங்கள், வேலிக்கு உள்ளே இருப்பதெல்லாம் தனியார் நிலம்.

லேக்கியிலிருந்து தெற்கே இறங்கினால் கான்கன் பக்கத்தில் கார்னர் ஸ்டேட் பார்க். அங்கே ஃப்ரியோ ஆற்றங்கரை முழுக்க போல்ட் சைப்ரஸ் மரங்கள். அவை மேப்பிளுக்குப் பிந்தி, நவம்பர் நடுவிலிருந்து கடைசிக்குள் துரு நிறத்துக்கு மாறும். வேர் ஆற்று ஈரத்திலேயே இருப்பதால் வறட்சி வருடத்திலும் மேப்பிளைவிட நன்றாகத் தாங்கும். இதற்கும் முன்பதிவு வேண்டும், ஆகவே உங்கள் இரண்டாவது பதிவு நாளுக்கு மறுநாளே இங்கே ஒன்றைப் போட்டு வைத்தால் ஒரே பயணத்தில் இரண்டும் அடங்கும்.

டாலஸ்காரர்கள் இவ்வளவு தூரம் வருவதற்குப் பதில் கிழக்கே டெய்ங்கர்ஃபீல்டு ஸ்டேட் பார்க்கைப் பார்க்கலாம். அங்கே ஸ்வீட்கம் மரங்கள் ஏரியைச் சுற்றிச் சிவக்கும். அதையும் தாண்டினால் கேடோ ஏரி, ஸ்பானிஷ் மாஸ் என்ற பாசி மாதிரிச் செடி தொங்கும் சைப்ரஸ் காடு. இரண்டுக்கும் நவம்பர் நடுப்பகுதியைக் குறி வையுங்கள், மழைக் கணக்கும் இரவுக் குளிர்க் கணக்கும் அங்கேயும் இதேதான். ஏரி என்பதால் காலையில் காற்று கிளம்புவதற்கு முன் கரையில் நின்றுவிட வேண்டும். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருப்பது அந்தக் கொஞ்ச நேரம்தான்.